மூளைக்கும் ஒரு பதம் உண்டு

கரிசல் காட்டில் மழை பெய்த மறுநாள் யாரும் உழவு போடுவதில்லை. மண் கொழுவில் அப்பிக்கொள்ளும், மாட்டுக்குக் கால் எடுத்துவைக்க முடியாது. நாலைந்து நாள் நல்ல வெயில் அடித்துவிட்டால் அதே மண் இறுகி வெடிப்பு விடும், கொழு இறங்காது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற ஓரிரு நாளைத்தான் எங்கள் பக்கத்தில் ‘பதம்’ என்பார்கள். பதம் பார்த்து விதைத்தவர் வீட்டுக்கு உளுந்தும் பாசியும் வந்து சேரும். தவறவிட்டவர் அடுத்த பட்டம் வரை கடன் வாங்கித்தான் காலம் தள்ள வேண்டும்.

ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார் என் பெரியப்பா. எட்டயபுரத்துக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில் விதைப்புக்கு முன்பு அவரிடம் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஐப்பசி விடியலில், கை கழுவத் தண்ணீர் மொண்டவரின் வலது கையிலிருந்து செம்பு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தார், முடியவில்லை. கூப்பிட வாய் திறந்தார், பேச்சு குழறியது. ‘பித்த மயக்கம்’ என்றார் ஒருவர். பெரியம்மா சோடா வாங்கிவர ஆளனுப்பினார். ‘செத்த நேரம் படுத்து எந்திரிச்சாச் சரியாப் போகும்’ என்று திண்ணையில் படுக்கவைத்தோம். வெயில் ஏறியபோது வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. வாடகைக் கார் பிடித்துக் கோவில்பட்டிக்குப் போய், அங்கிருந்து ஸ்கேன் எடுக்க இன்னொரு ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “பெரியவர் கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாரு?”

எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பெரியப்பா அதன் பிறகு பதினொரு ஆண்டுகள் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். பெரியம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டார். மூத்த மகளின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. ஒரு மனிதரின் மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதில் ஒரு குடும்பமே படுத்துவிட்டது.

அன்றைக்கே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி உலகில் புழக்கத்தில் இருந்தது. இன்று கட்டியை வெளியே இழுத்தே எடுத்துவிடும் சிகிச்சை வந்துவிட்டது. ஆனால், கரிசல் கிராமத்தில் ஒருவருக்குக் கை கால் விழுந்தால் முதல் சில மணி நேரத்தில் நடப்பது இன்னும் பெரிதாக மாறவில்லை. அதை மாற்றுவதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

ஒரு நிமிடம் என்றால் என்ன?

நம் உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றில் இரண்டு. ஆனால், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று மூளையிடம் எதுவும் கிடையாது. ரத்தம் வரும் வழி அடைபட்டால் அந்த நொடியிலிருந்து அது பட்டினி. பெரிய ரத்தக்குழாய் அடைபட்ட பக்கவாதத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். திண்ணையில் படுக்கவைத்துவிட்டுக் காத்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கவாதம் இரண்டு விதமாக வருகிறது. குழாய் அடைபட்டு வருவது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிந்து வருவது மற்றொன்று. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கை விழுவதும் வாய் கோணுவதும் பேச்சு குழறுவதும் இரண்டிலும் உண்டு. ஆனால், வைத்தியம் நேர் எதிர். அடைப்புக்குக் கட்டியைக் கரைக்க வேண்டும். கசிவு உள்ளவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிரே போகலாம். எது என்று பிரித்துச் சொல்ல சி.டி. ஸ்கேன் வேண்டும். நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டவர்கள் பக்கவாதத்துக்கும் அதையே வாயில் போடக் கூடாது என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி பலன் தருகிறது என்று 1995-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று நிறுவியது. முதலில் மூன்று மணி நேரமாக இருந்த கெடு, 2008-ல் வந்த ஐரோப்பிய ஆய்வுக்குப் பிறகு நாலரை மணி நேரமாக நீண்டது. ஆனால், கழுத்திலிருந்து மூளைக்கு ஏறும் பெரிய குழாயிலோ அதன் முதல் கிளையிலோ கட்டி அடைத்துக்கொண்டால் ஊசி மட்டும் பலருக்குப் போதவில்லை. முழுதாகப் படுத்துவிடுகிறவர்களில் பலர் இவர்கள்தான். இவர்களுக்காக வந்ததுதான் ரத்தக்குழாய் வழியே உள்ளே போய்ச் செய்யும் சிகிச்சை.

தொடை வழியே மூளைக்கு

கேத் லேப் என்கிற அந்த அறைக்குள் மண்டையைத் திறக்கும் கருவி எதுவும் இருக்காது. மருத்துவரும் செவிலியரும் ஈயக் கவசம் அணிந்திருப்பார்கள். நோயாளியின் தொடை இடுக்கில், நாடி துடிக்கும் இடத்தில், ஊசியால் ஒரு சிறு துளை போடுவார்கள். மெல்லிய கம்பி ஒன்றும் அதன்மேல் நெளிந்து செல்லும் குழல் ஒன்றும் அந்தத் துளை வழியே உள்ளே நுழையும். வயிற்றைக் கடந்து, நெஞ்சில் பெருந்தமனியின் வளைவைச் சுற்றி, கழுத்துக்கு ஏறும். அங்கே சாயம் செலுத்தியதும் திரையில் மூளையின் ரத்தக்குழாய்கள் தெரியும். இலை முழுதும் உதிர்ந்த பருத்திமாற்றை நிமிர்த்தி நட்டதுபோல ஒரு படம், கிளையும் அதன் கிளையுமாக. அடைப்பு உள்ள இடத்தில் மட்டும் ஒரு கிளை அரிவாளால் வெட்டியதுபோல மொட்டையாக நிற்கும்.

அந்த மொட்டைக் கிளைக்குள், கட்டியையும் தாண்டி, தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த கம்பியோடு இன்னொரு நுண்குழல் போகும். அதற்குள்ளிருந்து வலைபோன்ற சிறு உலோகக் கூடு விரியும். சில நிமிடம் பொறுத்தால் கட்டி அந்த வலையில் சிக்கும். பிறகு, கீழே உறிஞ்சிக்கொண்டே, மெதுவாக வலையை இழுப்பார்கள். வெளியே வருவது கருஞ்சிவப்பாக ஒரு சிறு துணுக்கு. உளுந்து அளவுகூட இராது சில நேரம். மீண்டும் சாயம் செலுத்தினால் மொட்டையாக நின்ற கிளை நுனி வரை தழைத்துவிடுகிறது. நேரத்தோடு வந்தவர்களில் சிலர், சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே விழுந்த கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

இது மந்திரமில்லை, ஒரு நூற்றாண்டு உழைப்பு. 1927-ல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் முதன்முதலாக உயிருள்ள மனிதரின் மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் பார்த்தார். 1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர், தோலில் ஒரு துளை போட்டுக் கம்பி வழியே குழலை ஏற்றும் எளிய முறையைக் கண்டார். இன்று இதயத்துக்கு ஆஞ்சியோ செய்வதும் அதே வழியில்தான். மாஸ்கோவில் ஃபியோதர் செர்பினென்கோ, ரத்தக்குழாய்க்குள் மிதந்து சென்று தேவையான இடத்தில் கழன்றுகொள்ளும் நுண்பலூனை உருவாக்கி 1974-ல் உலகுக்கு அறிவித்தார். மே தின ஊர்வலத்தில் பிள்ளைகள் நூலில் கட்டிப் பிடித்திருந்த பலூன்களைப் பார்த்து அந்த எண்ணம் அவருக்கு உதித்தது என்று சொல்வார்கள்.

கட்டியை இழுத்து எடுப்பது உண்மையிலேயே பலன் தருகிறதா என்ற வாதம் நெடுநாள் நடந்தது. 2015-ல் வெளியான ஐந்து ஆய்வுகள் அதை முடித்துவைத்தன. அவற்றில் பங்கேற்ற 1,287 நோயாளிகளின் விவரங்களையும் ஒன்றுசேர்த்து 2016-ல் பார்த்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 26 அல்லது 27 பேர் மூன்று மாதம் கழித்து யார் உதவியும் இன்றித் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். கட்டியும் அகற்றப்பட்டவர்களில் அப்படி ஆனவர்கள் 100-க்கு 46 பேர். மருத்துவத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். 2018-ல் வந்த இன்னும் இரண்டு ஆய்வுகள், சிறப்பு ஸ்கேன் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட வாய்ப்பு உண்டு என்று காட்டின. இரவு நன்றாகப் படுத்து, விடியலில் கை விழுந்தபடி எழுந்திருக்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால், 24 மணி நேரம் இருக்கிறதே என்று யாரும் ஆறுதல் கொள்ளக் கூடாது. அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இல்லை. முதல் மணி நேரத்தில் கிடைக்கும் பலன் இருபதாவது மணி நேரத்தில் கிடைப்பதும் இல்லை.

வெடிக்கும் குமிழ், உறையும் நாளம்

ரத்தக்குழாய் வழியே செய்யும் சிகிச்சை அடைப்புக்கு மட்டும் உரியதன்று. மூளை ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் நைந்து, பழைய சைக்கிள் டியூப் புடைப்பதுபோலக் குமிழ் விடுவது உண்டு. அது வெடித்தால், வாழ்நாளில் அறியாத தலைவலி, பின்மண்டையில் இடி விழுந்ததுபோல, நொடியில் வரும். வாந்தியும் மயக்கமும் தொடரும். ‘வெயிலில் நின்றதால் வந்த தலைவலி’ என்று தைலம் தேய்த்துப் படுக்கவைத்துவிடுவது நம் பக்கத்தில் சாதாரணம். அந்தக் குமிழ் மறுபடியும் வெடிக்கலாம், இரண்டாம் வெடிப்பில் பிழைப்பது அரிது.

முன்பெல்லாம் மண்டையைத் திறந்து குமிழின் கழுத்தில் கிளிப் போடுவதே வழி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1950-ல் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய பி. ராமமூர்த்தியும் அவர் வழிவந்தவர்களும் வளர்த்த கலை அது. பல நோயாளிகளுக்கு இன்றும் அதுவே ஏற்ற வழி. 1990-ல், லாஸ் ஏஞ்சலிஸில் பணிபுரிந்த இத்தாலிய மருத்துவர் குய்தோ குக்லியெல்மி இன்னொரு வழியைத் திறந்தார். நூல்போன்ற பிளாட்டினச் சுருளைக் குழல் வழியே குமிழுக்குள் செலுத்தி, மெல்லிய மின்சாரத்தால் அங்கேயே கழற்றிவிடுவது அவர் முறை. சுருள்கள் நிறைந்ததும் குமிழுக்குள் ரத்தம் புகுவது நின்றுவிடும். 2,143 நோயாளிகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வின் முடிவு 2002-ல் வந்தது. இரண்டு முறைக்கும் ஏற்ற நோயாளிகளில், அறுவை சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ நேர்ந்தவர்களும் சேர்த்து 30.6 சதவீதம், சுருள் முறையில் 23.7 சதவீதம்.

இந்தக் கருவிகளில் பல இறக்குமதியாகின்றன, விலையும் லட்சங்களில். அதையும் மாற்ற முடியும் என்று திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் காட்டியிருக்கிறது. குமிழைத் தவிர்த்து ரத்தத்தை நேர்வழியில் திருப்பிவிடும் ‘ஃப்ளோ டைவர்ட்டர்’ ஸ்டென்ட் ஒன்றை, பெங்களூரு தேசிய வான்வெளி ஆய்வகத்தின் உலோகக் கலவையைக் கொண்டு உருவாக்கியதாக அது 2020-ல் அறிவித்தது. கோவில்பட்டியிலிருந்து தென்மேற்கே மலை தாண்டினால் வந்துவிடும் ஊர்தான் திருவனந்தபுரம். இங்கே தேவை, அங்கே திறமை. நடுவில் இருக்க வேண்டியது அரசின் கொள்முதல்.

இன்னொரு நோயையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது இளம் தாய்மாரைத் தேடி வருகிறது. மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துவரும் நாளங்களில் ரத்தம் உறைந்துபோவது அது. கர்ப்பகாலத்திலும் பேறுகாலத்திலும் மூளை ரத்தக்குழாய் அடைபட்ட 135 பெண்களைப் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983-ல் எழுதிய ஆய்வு இன்றும் உலக அளவில் எடுத்துக்காட்டப்படுகிறது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். ரத்தசோகையும் உடலில் நீர் வற்றுவதும் சேர்ந்தால் ஆபத்து பெருகும். ‘பச்சை உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு பெருத்துரும்’ என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றே கைவிட வேண்டும். பிரசவமான சில நாளில் விடாத தலைவலியோ பார்வை மங்கலோ வலிப்போ வந்தால் அது காற்றுக் கருப்பு இல்லை, உடனே ஸ்கேன் பார்க்க வேண்டிய நோய். பெரும்பாலோருக்கு ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தே போதும். அதற்கும் கட்டுப்படாத சிலருக்குத்தான் குழல் வழி சிகிச்சை தேவைப்படும்.

சாலையில் கழியும் நேரம்

இனி கரிசலுக்கு வருவோம். விளாத்திகுளத்துக்கு அப்பால் ஒரு கிராமம். விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவருக்குக் கை விழுகிறது. ‘பார்ப்போம்’ என்று வீட்டில் ஒரு மணி நேரம். பக்கத்து ஊர் டாக்டர் வருவதற்கு ஒரு மணி நேரம். கோவில்பட்டிக்கு எட்டயபுரம் வழியே ஒரு மணி நேரம். அங்கிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர், மதுரைக்கு ஏறத்தாழ 100. நான்குவழிச் சாலை நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஸ்கேனுக்கும் கையெழுத்துக்கும் இன்னொரு மணி நேரம். நாலரை மணி நேரக் கெடு முடிந்துவிட்டது. இத்தனைக்கும் இதில் யாரும் சோம்பி உட்காரவில்லை. எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால், அவர்கள் ஓடிய திசையை யாரும் முன்கூட்டித் தீர்மானித்துக் கொடுக்கவில்லை.

கைவசம் இருப்பது குறைவும் இல்லை. 2008-லிருந்து 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் ஆகியவற்றுக்கு ஒருங்கிணைந்த அவசர சிகிச்சை தர ‘டி.ஏ.இ.ஐ.’ (TAEI) என்ற திட்டத்தைத் தமிழக அரசு நடத்துகிறது. மதுரை, திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிகளில் உயர் சிறப்பு சிகிச்சைக் கட்டடங்கள் 2019 ஜனவரியில் திறக்கப்பட்டன. 2022 ஜனவரியில் விருதுநகருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கோவில்பட்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வழி இருக்கிறது. மணிகள் எல்லாம் இருக்கின்றன, கோக்க நூல்தான் வேண்டும்.

அந்த நூலைத் தமிழகம் ஏற்கெனவே ஒருமுறை கோத்திருக்கிறது. மாரடைப்புக்கு இங்கே நடத்தப்பட்ட ‘ஸ்டெமி’ திட்டத்தில், பக்கத்துச் சிறு மருத்துவமனையிலேயே ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டு, கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பினார்கள். நான்கு பகுதிகளில் அதைச் செய்து பார்த்து, திட்டத்துக்கு முன்னும் பின்னும் வந்த 2,420 நோயாளிகளை ஒப்பிட்டு 2017-ல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். இதயத்துக்குச் செய்து காட்டியதை மூளைக்குச் செய்ய நமக்கு என்ன தயக்கம்?

நரம்பியல் மருத்துவர் ஒவ்வொரு ஊரிலும் இல்லையே என்பார்கள். இமாச்சலப் பிரதேசத்திலும் இல்லை. 2014-ல் அங்கே ஒரு வழி கண்டார்கள். சி.டி. ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவர்கள், ஸ்கேன் படத்தை ஸ்மார்ட்போனில் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பி, அவர் சொன்னபடி ஊசி போட்டார்கள். ஊசியை அரசு இலவசமாகக் கொடுத்தது. மலைப் பாதையில் முடிந்தது நான்குவழிச் சாலையில் முடியாதா?

கோவில்பட்டியில் தொடங்கலாம்

நான் கேட்பது கோவில்பட்டிக்கு ஒரு கேத் லேப் அல்ல. மூளைக்குள் குழல் செலுத்தத் தெரிந்த மருத்துவர்கள் நாட்டிலேயே குறைவு. அவர்கள் கை பழகுவதற்கு நிறைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஊருக்கு ஓர் இயந்திரம் வாங்கிப் பூட்டிவைப்பதால் யாருக்கும் பயனில்லை. நான் கேட்பது வேறு.

முதலாவது, கோவில்பட்டி தலைமை மருத்துவமனையில் பக்கவாத நோயாளிக்கு நள்ளிரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட வேண்டும், அந்தப் படம் சில நிமிடத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரின் கைபேசிக்குப் போக வேண்டும், கட்டி கரைக்கும் ஊசி அங்கேயே போடப்பட வேண்டும். பழைய ஊசியை ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டியிருந்தது. டெனெக்டிபிளேஸ் என்கிற புதிய மருந்தை ஒரே தடவையில் செலுத்திவிடலாம். புனேயிலேயே தயாராகிறது. ஊசியைப் போட்ட கையோடு நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்ற முடியும் என்பதால் கோவில்பட்டி போன்ற ஊருக்கு இதைவிட ஏற்ற மருந்து கிடையாது.

இரண்டாவது, கட்டியை இழுத்து எடுக்கும் குழு அன்றைக்கு எந்த அரசு மருத்துவமனையில் தயாராக இருக்கிறது என்ற பட்டியல் ஒவ்வொரு நாளும் 108 கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். மதுரைக்கா திருநெல்வேலிக்கா என்று நோயாளியின் மகன் நடுரோட்டில் நின்று யோசிக்கும் நிலை கூடாது. வண்டி கிளம்பும்போதே அங்கே கேத் லேப் விளக்கு எரிய வேண்டும். தென்மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் இரவும் பகலும் இந்தக் குழு இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும். அதற்கான மருத்துவர்களைப் பயிற்றுவிக்கும் இடங்களைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, காப்பீட்டு ஒப்புதல் என்ற காகிதம் இந்தச் சிகிச்சைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சிகிச்சை முதலில், காகிதம் பிறகு என்பது அரசாணையாக வர வேண்டும். நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணு போகிறபோது ரேஷன் கார்டு நகல் தேடி ஒருவர் ஓடக் கூடாது.

நான்காவது, நேரத்தை அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போடும் வரை எத்தனை நிமிடம், கோவில்பட்டியில் கிளம்பியதிலிருந்து தொடையில் துளை போடும் வரை எத்தனை நிமிடம் என்று மாதாமாதம் ஒவ்வொரு மருத்துவமனையும் வெளியிடட்டும். அளக்காத எதுவும் திருந்துவதில்லை.

நம் கையில் உள்ளது

அரசு எல்லாவற்றையும் செய்தாலும், திண்ணையில் கழிகிற முதல் ஒரு மணி நேரத்தை நாம்தான் மிச்சப்படுத்த முடியும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபக்கம் போகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா? ஊர்ப் பேரைச் சொல்லச் சொல்லுங்கள், நாக்கு புரளவில்லையா? இதில் ஒன்று இருந்தாலே 108-க்குப் போன் செய்ய வேண்டும். சோடாவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். விழுங்கும் சக்தி போயிருந்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். புறா ரத்தம் தேய்த்தால் வாதம் போகும் என்பதை நம்பி ஒரு நிமிடம்கூட வீணாக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்பு மணியைப் பாருங்கள். ‘கடைசியாக நன்றாக இருந்த நேரம்’ என்ற அந்த ஒரு தகவலை வைத்துத்தான் மருத்துவர் ஊசியா, குழலா என்று முடிவெடுக்கிறார்.

பக்கவாதத்தின் பெரிய வித்து ரத்தக்கொதிப்பு. கம்பங்கூழுக்கு மோர்மிளகாய், சோற்றுக்குக் கருவாடும் ஊறுகாயும் என்று உப்பு நம் தட்டில் தாராளம். அது போதாதென்று, வெயிலில் களை எடுக்கும் பெண்களும் தீப்பெட்டி ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பெண்களும், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் கொதிப்பு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. ‘தலைசுத்தல் நின்னுருச்சு’ என்று மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் பிறகு கேத் லேப் தேடி ஓட நேர்கிறது. வாசலுக்கு மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்களுக்கே பக்கவாதத்தின் அடையாளங்களையும் சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராகப் பேசவைத்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிடும்.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. போன ஆண்டு பக்கத்து வீட்டு அக்கா முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது கைக் கோலமாவு சிந்திக் கிடந்தது. ஓடிவந்தவர்களில் ஒருவர் சோடா வாங்கக் கிளம்பியபோது பெரியம்மா அவரை நிறுத்தினார். “ஏலே, சோடா கீடா ஒண்ணும் வேண்டாம். மணி என்னன்னு பாரு” என்றார். பார்த்த நேரத்தைக் கதவுக்குப் பின்னால், பால் கணக்கு எழுதும் கரித்துண்டால் அவரே எழுதினார்: 6.10.

பதினொரு ஆண்டுகள் ஒரு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது அது. அந்தக் கதவிலிருந்து கோவில்பட்டி வரை, கோவில்பட்டியிலிருந்து கேத் லேப் மேசை வரை, அதே நேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட ஆட்கள் வேண்டும். ஆறு பத்துக்குத் தொடங்கிய பதம் அது. அதைக் காய விடாமல் காப்பது இனி அரசின் பொறுப்பு.